முப்பதில் ஒரு பங்கு

ஊத்துக்குளிக்கு மேற்கே
கிளுவை வேலிக்கு இந்தப்புறம் நிற்கிறேன்.
பாதங்கள், ரயில் நேரெதிரே வரப்போகும் இடத்துக்கு.
இடுப்பு மட்டும்
அது வருகிற பக்கத்துக்கு.
முறுக்கிப் பிழிந்த துணி
தன்னால் பிரிவது போலப் பிரிய வேண்டும் உடம்பு.

ஷட்டரை முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கியாயிற்று.
ஐந்நூறில் எடுத்தால் ரயில் நின்றுவிடும்.
நின்ற ரயிலை எடுப்பதற்கு
ஸ்டேஷனுக்கே போகலாம்,
உட்கார பெஞ்சும் உண்டு.

சோளத்தட்டு அறுக்க வந்த துரையணன்
அருவாளைத் தோளில் மாட்டியபடி கேட்கிறார்:
"ஏனுங் அம்மிணி,
போன வாரமும் இதே ரயிலுத்தானுங்களே போச்சு?"
ஆமாங்க.
போன வாரம் நான் பிந்திவிட்டேன்.

வாரத்தில் ஆறு நாள் எனக்குத் துணி ஓடும்.
அடியில் ட்யூப்லைட் எரியும் சாய்ந்த கண்ணாடி,
அதன்மேல் வெள்ளை ஜெர்சி, ரோல் ரோலாக.
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்த கோடு
பார்த்துச் சொல்ல எனக்குச் சம்பளம்.
சேர்ந்த புதிதில் ஒன்றுமே தெரியவில்லை,
வெள்ளம்தான் போனது.
தலை சுற்றி, பாத்ரூமில் வாந்தி எடுத்தேன்.
மூன்றாம் நாள் மத்தியானம்
ஒரு கறை என் கண்ணைப் பிடித்துக்கொண்டு
மேல் ரோலர் வரை கூட்டிப் போனது.
அந்தத் தூரம் முழுக்க அது அசையவே இல்லை.
மேசைதான் ஓடியது.

தீபாவளி போனஸில் இந்தப் பழைய கேமரா வாங்கியதற்கு
வேறு காரணம் எதுவும்
வீட்டில் என்னால் சொல்ல முடியவில்லை.

வேலியில் இருந்த கரிச்சான் எழுந்துவிட்டது.
மின்கம்பியில் ஒரு நடுக்கம்.
வளைவில் தலை காட்டுகிறது
ஈரோட்டு ஷெட் எஞ்சின்,
முகமெல்லாம் அடிபட்ட பூச்சிகள்.
நம்பரில் நடுப் பூஜ்யத்தைப் பிடிக்கிறேன்.
மூச்சைப் பாதி விட்டு, பாதியை வைத்துக்கொள்கிறேன்.
தோள், முழங்கை, கேமரா, பூஜ்யம்
இப்போது ஒரே வண்டி.

அமுக்கு.
அமுக்கியது விரலுக்குத் தெரிய வேண்டாம்.
திரும்பிக்கொண்டே இரு.

அமுக்குகிற அந்த நேரம் மட்டும்
உள்ளே கண்ணாடி எழுந்து பார்வை இருட்டிவிடும்.
எடுத்ததை
எடுத்தவள் பார்ப்பதில்லை.

நாற்பத்தியொரு படம்.
ஒன்றில் எஞ்சினுக்கு இரண்டு மூக்கு.
ஒன்றில் மின்கம்பம் மட்டும் தெளிவு,
ரயில், யாரோ துடைத்துவிட்ட சிவப்பு.
நாலைந்தில் வானம், என் கட்டைவிரல்.
பிறகு இது.
பக்கத்தில் நின்று பார்த்தால்
ஒரு ரயில் முழுக்க ஒரே வேகத்தில் போவதில்லை.
எஞ்சின் என்னைவிட்டுக் கலைந்து ஓடியிருக்கிறது.
பின்னால், பொதுப்பெட்டியின் வாசலில்,
கம்பியைப் பிடித்துக்கொண்டு
வாயில் பிரஷ்ஷோடு ஒருவன்,
மீசையில் நுரை,
சட்டையின் மூன்றாவது பட்டனுக்கு
வேறு நிற நூல்.
எந்த ஊரிலிருந்து ஏறினானோ,
எத்தனை ராத்திரி நின்றானோ.

அவன் கேமராவைப் பார்க்கிறான்.
கழுத்து திரும்பியிருக்கிற அளவைப் பார்த்தால்
தூரத்திலிருந்தே பிடித்து
கூடவே திருப்பிக்கொண்டு வந்திருக்கிறான்.
அப்படியென்றால்
அவன் கண்ணுக்குள் ஒரு நொடி
நான் ஆடாமல் நின்றிருப்பேன்.
என்னைச் சுற்றிக் கிளுவையும் பனையும்
அறுத்துப் போட்ட தட்டும்
கோடு கோடாய் ஓடியிருக்கும்.
வாய் கொப்பளிக்க அவன் உள்ளே போனபோது
அது போயிருக்கும்.

துரையணன் கையைத் துடைத்துக்கொண்டு
திரையை வாங்கிப் பார்க்கிறார்.
வெயிலுக்கு மறைவாய் உள்ளங்கை வைத்து
வெகு நேரம் பார்க்கிறார்.
"என்ற தட்டைக் காணமுங்களே?"
இந்தப் பச்சைக் கோடுதானுங்க.
"இத்தனூண்டா?
ஒரு ஏக்கரா அம்மிணி அது."